படத்தை நிறுத்துனது யாரு

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. கலியபெருமாள் கடை இதுதானான்னு வெளியில கேட்டீங்கள்ல, காதுல விழுந்துச்சு. கடை இதுதான். ஆனா கலியபெருமாள் கடை இல்லை. போர்டுல என்ன போட்டிருக்கு? அஞ்சலாட்சி ஸ்க்ரீன் சர்வீஸ். அஞ்சலாட்சி நான்தான். கலியபெருமாள் எங்க வீட்டுக்காரர். டீ வாங்கப் போயிருக்காரு, வந்துருவாரு.

தங்கச்சி கல்யாணத்துக்கு ஸ்க்ரீன் வேணும்னீங்க. சரி. தேதியெல்லாம் அப்புறம் குறிச்சுக்கலாம். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. "கம்பெனிக்காரனை எதிர்த்துப் படத்தை நிறுத்துனாரே, அந்தக் கலியபெருமாள்தானே?"ன்னு டீக்கடையில கேட்டுக்கிட்டுதானே வந்தீங்க? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. எல்லாரும் அப்படித்தான் சொல்லி அனுப்புறாங்க. அந்தப் படத்தை நிறுத்துனது நான். இந்தக் கையி. இந்தக் கட்டை விரலு. நீங்க கல்யாணத்துக்கு வேற ஆளைக்கூட வச்சுக்குங்க, எனக்குக் கவலை இல்லை. ஆனா விசயத்தைச் சரியாத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

பதினோரு வருசமா இந்தத் தொழில். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் பந்தலும் மைக்செட்டும் போட்டுக்கிட்டிருந்தாரு. ஒரு கல்யாணத்துல, சாப்பாட்டு ஹால்ல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தாலி கட்டுறது தெரியணும், ஸ்க்ரீன் போடுங்கன்னாங்க. திருச்சியில பழைய புரொஜெக்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. வாங்கிட்டு வந்தாரே ஒழிய, தொட பயம். பல்பு வெடிச்சிருமோ, ஷாக் அடிச்சிருமோன்னு. மனுசன் எதுக்கும் பயப்படுவாரு தம்பி. ரோட்டைத் தாண்டணும்னா ரெண்டு பக்கமும் மூணு தடவை பார்ப்பாரு. நான்தான் அந்தக் கடைக்கே போய், நாலு நாள் உக்காந்து கத்துக்கிட்டு வந்தேன். எத்தனை அடிக்கு எவ்வளவு தூரம் தள்ளி வைக்கணும், படம் கோணினா எப்படி நேராக்கணும், துணியில சுருக்கம் விழாம எப்படி இழுத்துக் கட்டணும், எல்லாம். இவரு கம்பி நடுவாரு, கயிறு கட்டுவாரு, படுதா தொங்கவிடுவாரு. அவ்வளவுதான் இவரு வேலை.

போன வருசம் மாசி மாசம். சிமெண்ட் கம்பெனியிலேர்ந்து ஆளு வந்தாங்க. செங்கழனிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பெருசு பண்ணப் போறாங்களாம். அதுக்கு மக்கள்கிட்ட கருத்துக் கேக்கணும், படம் போட்டு விளக்கணும், அது விதி. பன்னெண்டடிக்கு எட்டடி ஸ்க்ரீன், ஒரு புரொஜெக்டர், காலையில பதினோரு மணிக்குன்னாங்க. சரின்னேன். எனக்குச் செங்கழனியில சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. அரசியல் கிரசியல் எதுவும் எனக்குத் தெரியாது. கூப்பிட்டா போவேன், படம் போடுவேன், வருவேன்.

அன்னைக்குப் போற வழியில நம்ம வேன் சூடாயிருச்சு. செங்கழனி ஏரிக்கரை மேலதான் ரோடு. கரையில நிறுத்தி, இவரு இறங்கி ரெண்டு குடம் தண்ணி மொண்டாந்து ரேடியேட்டருக்கு ஊத்துனாரு. தண்ணின்னா தண்ணி, கரை தளும்ப நிக்குது. அந்தப் பக்கம் ஒரு தெரு, நாப்பது நாப்பத்தஞ்சு வீடு இருக்கும். பொம்பளைங்க துணி துவைச்சுக்கிட்டிருந்தாங்க. குடம்கூட அவங்ககிட்ட வாங்குனதுதான். அங்கேர்ந்து பத்து நிமிச நடைதான் கூட்டம் நடக்குற கல்யாண மண்டபம்.

மண்டபத்துக்குப் போனா, கிழக்குப் பக்கம் வரிசையா எட்டு ஜன்னல். மாசி வெயில் பளீர்னு உள்ள அடிக்குது. மேல அத்தனை டியூப் லைட்டும் எரியுது. அந்த வெளிச்சத்துல எந்த புரொஜெக்டர் போட்டாலும் ஒண்ணும் தெரியாது தம்பி. கம்பெனி சார்பா மெட்ராஸ்லேர்ந்து ஒரு பையன் வந்திருந்தான், நிதின்னு பேரு, கழுத்துல அட்டை தொங்குது. அவன்கிட்ட போயி, "சார், ஜன்னலை எல்லாம் மூடணும், லைட்டை அணைக்கணும், கறுப்புப் படுதா வண்டியில இருக்கு"ன்னேன்.

"வேணாம்மா, காத்து வரட்டும்"ங்கிறான்.

"படம் தெரியாதே சார்."

"தெரியற வரைக்கும் போதும்மா. போட்டோம்னு போட்டோ எடுத்துக்குவோம், அவ்வளவுதான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சமையல்காரனைக் கூப்பிட்டு உப்பு போடாம சமைன்னு சொல்ற மாதிரி. திரும்பி இவரைப் பார்த்தேன். "விடு அஞ்சலை, சொன்னதைச் செஞ்சுட்டுப் போவோம்"னாரு. அதான் சொன்னேனே, பயந்த மனுசன்.

கூட்டம் ஆரம்பிச்சுது. தலைமைக்கு ஒரு அதிகாரி வந்து உக்காந்தாரு. ஓரமா போலீஸ் நாலு பேரு. செங்கழனி ஜனம் இருநூறு பேருக்கு மேல. நிதின் லேப்டாப்பை வச்சுக்கிட்டு இங்கிலீசும் தமிழும் கலந்து பேசுறான், ஒண்ணு ஒண்ணா படத்தை மாத்துறான். ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சுதுங்கிறீங்க? சோறு வடிச்ச கஞ்சி மாதிரி வெள்ளையா என்னமோ அசையுது. பின்னாடிலேர்ந்து, "ஒண்ணும் தெரியலை, ஒண்ணும் தெரியலை"ன்னு சத்தம். இவன் காதுல வாங்கிக்கவே இல்லை.

மூணாவது வரிசையில ஒரு பொம்பளை எழுந்திரிச்சா. பொற்கொடின்னு பேரு, அப்புறம்தான் தெரியும். காலையில எங்களுக்குக் குடம் குடுத்தது அவதான். அதிகாரியைப் பார்க்கலை, நிதினைப் பார்க்கலை. என்னைப் பார்த்து கேட்டா: "ஏம்மா, படம் போடுற அம்மா! இந்த வெள்ளைத் துணியைப் பார்க்கத்தான் எங்களை வேலை வெட்டியை விட்டுட்டு வரச் சொன்னீங்களா?"

ஹாலே சிரிச்சுது.

தம்பி, என் ஸ்க்ரீனை வெள்ளைத் துணின்னுட்டா. பதினோரு வருசத்துல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னைத் திட்டிக்குங்க, என் படத்தைத் திட்டக் கூடாது. நான் இவருக்குச் சைகை காட்டுனேன், படுதாவைப் போடுன்னு. இவரு நிதினைப் பார்த்தாரு, போலீசைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. நான் பல்லைக் கடிச்சேன். அப்புறம் வண்டியிலேர்ந்து படுதாவை எடுத்தாந்து, ஒவ்வொரு ஜன்னலா இழுத்து மூடிப் படுதாவைத் தொங்கவிட்டாரு. எட்டும். நிதின், "என்னப்பா பண்றீங்க?"ன்னு கேட்டதுக்கு, "வெயில் அடிக்குதுங்க, ஜனத்துக்குக் கண்ணு கூசுது"ன்னு சொல்லிக்கிட்டே கட்டுனாரு. இவரு செஞ்சது அவ்வளவுதான். படுதா கட்டுனாரு. அதை நான் இல்லைன்னு சொல்லலை.

நான் சுவத்தோரமாப் போயி லைட்டு சுவிட்சை எல்லாம் வரிசையா அணைச்சேன்.

அப்ப நின்னுச்சு பாருங்க படம்! கண்ணாடி மாதிரி. ஜனம் "ஆ"ங்குது. சரியா அந்த நேரத்துல ஸ்க்ரீன்ல இருந்தது வரைபடம். எந்த இடத்துல தோண்டப் போறாங்கன்னு காட்டுற மேப்பு. ஃபோகஸ் சரியா இருக்கான்னு பார்க்க நான் எப்பவும் ஸ்க்ரீன்கிட்ட போயி பொடி எழுத்தைப் படிச்சுப் பார்ப்பேன். அது பழக்கம். அப்படிப் படிச்சேன். ரோடு இருக்கு. மண்டபம் இருக்கு. மண்டபத்துக்கு மேக்கால ஒரே மஞ்சக் கலரு. அதுல எழுதியிருக்கு, "தரிசு நிலம். நீர்நிலை இல்லை. குடியிருப்பு இல்லை."

நீர்நிலை இல்லையாம்! அந்தத் தண்ணி இன்னும் எங்க ரேடியேட்டர்ல இருக்கு.

நிதின் அடுத்த படத்துக்குப் போகக் கையைக் கொண்டுபோறான். என் கையில ரிமோட்டு. அதுல ஃப்ரீஸ்னு ஒரு பட்டன் உண்டு. கல்யாணத்துல ஒரு வீடியோ முடிஞ்சு இன்னொண்ணைத் தேடுறப்ப, தேடுறது ஜனத்துக்குத் தெரியாம இருக்க அமுக்குவோம். அமுக்கிட்டா ஸ்க்ரீன்ல இருக்கிற படம் அப்படியே நிக்கும். லேப்டாப்புல எதை மாத்தினாலும் இங்க மாறாது.

அமுக்குனேன்.

யோசிச்சு அமுக்குனியான்னு கேட்டா, இல்லை. யோசிக்காம அமுக்குனியான்னா, அதுவும் இல்லை. தப்பான படம் என் ஸ்க்ரீன்ல போகுது. அதை நாலு பேரு நல்லாப் பார்த்துட்டுச் சொல்லட்டுமே. அதுல என்ன குத்தம்?

நிதின் தட்டுறான், தட்டுறான், படம் அசையலை. அவன் லேப்டாப்புல நாலு படம் தாண்டிப் போயிருச்சு. ஸ்க்ரீன்ல மேப்பு மலை மாதிரி நிக்குது. பொற்கொடி எழுந்து நேரா ஸ்க்ரீன்கிட்ட வந்தா. விரலை வச்சா. "இது ரோடு. இது நாம இருக்கிற மண்டபம். அப்ப இந்த இடத்துல ஏரி எங்க? ஏரிக்கு அந்தாண்ட எங்க தெரு எங்க?" அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி, "சார், நான் நாப்பது வருசமா எங்க குடியிருக்கேன்?"னா.

அப்புறம் ஹால்ல யாரும் உக்காந்திருக்கலை. ஆனா ஒரு நாற்காலி உடையலை தம்பி, ஒரு கல்லு பறக்கலை. எல்லாரும் ஸ்க்ரீன்கிட்ட வந்து அவங்கவங்க வீடு இருக்கிற இடத்தைத் தேடுறாங்க. அதிகாரியும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுக் கிட்ட வந்து பார்த்தாரு. "பத்து நிமிசம் நடந்தா காட்டுறோம் சார், வாங்க"ன்னாங்க. அவரு நடந்தே போயிப் பார்த்தாரு. திரும்பி வந்து, "சரியான வரைபடத்தோட வாங்க, இன்னொரு நாள் கூட்டம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கார் ஏறிட்டாரு.

அவரு கார் அந்தாண்ட போனதுதான் தாமசம், நிதின் போலீஸ்கிட்ட போயி, "இது நாங்க குடுத்த மேப்பே இல்லை. ஆப்பரேட்டர் வேற படத்தைச் சொருகிட்டாங்க"ன்னுட்டான்.

சொல்லிட்டு அவன் செல்போனோட வெளியில போயிட்டான். அப்பதான் ஜீப்புல வந்து இறங்குன இன்ஸ்பெக்டர் நடு ஹால்ல நின்னு, "யாருய்யா ஆப்பரேட்டர்?"னு கேட்டாரு. "யாருய்யா"ன்னு கேட்டாரு, கவனிங்க. ஒரு பொம்பளை அந்த இடத்துல நிப்பான்னு அவருக்குத் தோணவே இல்லை. ரிமோட்டு என் கையில. நான் வாயைத் திறக்குறேன். அதுக்குள்ள கடைசி ஜன்னல்கிட்ட படுதாவை அவுத்துக்கிட்டிருந்த இவரு, "நான்தாங்க"ன்னாரு.

மனுசன் திரும்பிக்கூடப் பார்க்கலை. கயிறைச் சுருட்டிக் கீழ வச்சுட்டுப் போயி ஜீப்புல ஏறிட்டாரு.

எனக்கு வந்துச்சே கோவம்! பதினோரு வருசமா ஒரு பட்டனைத் தொடாத மனுசன், எல்லாரும் பார்க்குற நேரம் பார்த்து "நான்தான்"கிறாரு. நான் விடுவேனா? புரொஜெக்டரை அவங்க சாட்சிக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. ரிமோட்டு என்கிட்டயே இருந்துச்சு. வேனை நானே ஓட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனேன். ரிமோட்டை மேசை மேல வச்சேன். "சார், அமுக்குனது நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது"ன்னேன்.

இன்ஸ்பெக்டர் சிரிச்சாரு. "புருசனைக் காப்பாத்த எல்லா பொம்பளையும் இப்படித்தாம்மா வருவாங்க. வீட்டுக்குப் போ"ன்னாரு.

"இல்லை சார், வேணா அமுக்கிக் காட்டுறேன்."

அவரு உள்ள திரும்பி, "யோவ், உன் பொண்டாட்டிதான் செஞ்சுச்சாமே?"ன்னாரு. உள்ள பெஞ்சுல உக்காந்திருந்த இவரு என்ன சொன்னாருங்கிறீங்க? தலையைத் தூக்காம, "அவளுக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது சார். மண்டபத்துல காபி குடுக்க வந்தவ"ன்னாரு.

காபி குடுக்க வந்தவ! நான்! அங்க இருந்த போலீஸ்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. கூட்டிக்கிட்டு வந்து வெளியில விட்டுட்டாங்க. புங்க மரத்தடியில மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, எதையோ எழுதி வாங்கிக்கிட்டு, புரொஜெக்டரையும் திருப்பிக் குடுத்து அனுப்புனாங்க. வேன்ல ஏறினாரு. நான் வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு கேட்டாரு, தின்னாரு, வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டாரு.

அன்னையிலேர்ந்து ரெண்டு மாசம் நான் அவர்கூடப் பேசலை. ஒரு வார்த்தை கிடையாது. சோத்தை வைப்பேன், போயிருவேன். ஊருல பார்த்தா, "கலியபெருமாள் செஞ்ச வேலையைப் பார்த்தியா"ன்னு பேச்சு. பஸ் ஸ்டாண்டுல ஆளாளுக்கு அவரு கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. பொற்கொடி ஒரு நாள் ஏரியில பிடிச்ச விரால் மீனு நாலு எடுத்துக்கிட்டுக் கடைக்கு வந்தா. "அண்ணன் இல்லையா? அண்ணனுக்குன்னு கொண்டாந்தேன்"னா. "நிறுத்துனது நான்"னேன். "ஆமாங்க அண்ணி, நீங்களும்தான் கூட இருந்தீங்க"ன்னுட்டுப் போயிட்டா. அவளே நேருக்கு நேரா என்னைக் கேள்வி கேட்டவ! அந்த மீனைக் குழம்பு வச்சவளும் நான்தான். இவரு ரெண்டு தடவை வாங்கித் தின்னாரு.

சித்திரையில ஒரு வளைகாப்பு வேலை. இவரு ஸ்க்ரீனுக்குக் கம்பி நட்டுக்கிட்டிருந்தாரு. இடது பக்கத்துக் கம்பி சாயுது. அவருக்கு இடது பக்கமா நின்னு கத்துனேன், "கம்பி! கம்பி!"ன்னு. வைராக்கியத்தை எல்லாம் விட்டுட்டுக் கத்துனேன். மனுசன் திரும்பவே இல்லை. கம்பி தோள்ல விழுந்த பிறகுதான் திரும்புனாரு. நான் பக்கத்துல போயி, இடது பக்கம் நின்னு, பேரைச் சொல்லி மெதுவாக் கூப்பிட்டேன். கட்டுன நாள்லேர்ந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேக்கலை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கேக்கலை.

ரெண்டு மாசம் பேசியிருந்தா ரெண்டாவது நாளே தெரிஞ்சிருக்கும்.

திருச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். டாக்டர் லைட்டடிச்சுப் பார்த்துட்டு, "இடது காதுல செவிப்பறை கிழிஞ்சிருக்கு. யாராவது அறைஞ்சாங்களா?"ன்னாரு. இவரு, "இல்லீங்க, கெணத்துல குதிச்சேன். தண்ணி அடிச்சிருச்சு"ன்னாரு. தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு நீச்சலே தெரியாது.

பஸ்ஸுல வர்றப்ப வலது பக்கம் உக்காந்துக்கிட்டு கேட்டேன். "யாரு அடிச்சது? எத்தனை அடி?" ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தாரு. "ஒரு புகார் எழுதுவோம்"னேன். "அதெல்லாம் வேணாம் அஞ்சலை, ஒரு காது இருக்குல்ல"ன்னாரு. "அப்ப எதுக்கு நான்தான்னு சொன்னே? உனக்கு எதுக்கு அந்தப் பேரு?"ன்னேன். சிரிக்கிறாரு. இன்னைக்கு வரைக்கும் கேட்டாலும் சிரிப்புதான். என்னமோ, அந்த நேரத்துல அவருக்கு ஊருல பேரு வாங்கணும்னு தோணியிருக்கு. ஆம்பளைங்களுக்கு அது ஒரு ஆசை.

ஐப்பசியில மறுபடியும் கூட்டம் வச்சாங்க. அதே மண்டபம். இந்தத் தடவை கம்பெனிக்காரங்க மெட்ராஸ்லேர்ந்து சொந்தமா பெரிய டிவி கொண்டாந்துட்டாங்க. செங்கழனி ஜனம், "எங்க ஏரியைப் படம் பிடிச்சு நாங்க காட்டுறோம்"னு அனுமதி வாங்கி, எதிர்ச் சுவத்துல போட என்னைக் கூப்பிட்டாங்க. என்னைன்னா, அவரைத்தான். ஆனா படம் போட்டது நான்தான்னு வச்சுக்குங்க. அன்னைக்குக் கரண்டு இல்லை. இவரு வெளியில ஜெனரேட்டர்கிட்ட நின்னுக்கிட்டாரு. கம்பெனி மேப்புல இப்ப ஏரி நீலமா இருக்கு. நாப்பத்திமூணு வீட்டுக்கும் நாப்பத்திமூணு புள்ளி வச்சிருக்காங்க. சுரங்கக் கோட்டை ஏரிக்கு அந்தாண்ட நகர்த்திட்டாங்க. ஜனம் அதுவும் கூடாதுன்னு சொல்லுது. வழக்கு இன்னும் நடக்குது, அதை விடுங்க.

கருத்துச் சொல்றவங்க மைக்குக்கு வரலாம்னாங்க. பொற்கொடி பேசுனா, இன்னும் பத்து பேரு பேசுனாங்க. அப்புறம் நான் ரிமோட்டைக் கீழ வச்சுட்டுப் போனேன். எழுதுற பையன் நிமிர்ந்து, "பேரு?"ன்னான்.

"அஞ்சலாட்சி."

"செங்கழனியா?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு இதுல என்னம்மா சம்பந்தம்?"

"ஆப்பரேட்டர்"னேன். "ஆப்பரேட்டர்னு எழுதுங்க. போன தடவை இங்க படத்தை நிறுத்துனது நான். யாரும் படத்தை மாத்தலை. கம்பெனி குடுத்த படத்தைத்தான் எல்லாருக்கும் தெரியுற மாதிரி காட்டுனேன். அதுக்காக எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போயி, காது கிழியுற மாதிரி அடிச்சிருக்காங்க. தப்பான ஆளை அடிச்சிருக்கீங்க. சரியான ஆளு இங்க நிக்கிறேன். இதையும் எழுதுங்க."

ஓரத்துல கம்பெனி ஆளு ஒருத்தன் செல்போன்ல பிடிச்சுக்கிட்டிருந்தான். "நல்லா முகம் தெரியுற மாதிரி பிடிங்க"ன்னேன். எழுதுற பையன் அதிகாரியைப் பார்த்தான். "சொன்னபடியே எழுதிக்குங்க"ன்னாரு அதிகாரி. முழுசா எழுதி முடிக்கிற வரைக்கும் நான் மைக்கை விட்டு நகரலை. வாசிச்சுக் காட்டச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அப்பதான் கைதட்டுனாங்க. முதல்ல தட்டுனது பொற்கொடி. மறுவாரம் திருச்சிக்குப் போயி ஒரு வக்கீலைப் பார்த்துப் புகாரும் குடுத்துட்டேன். அது இன்னும் இவருக்குத் தெரியாது. தெரியுறப்ப தெரியட்டும்.

கைதட்டல் சத்தம் வெளியில இவரு நல்ல காதுக்கு எட்டியிருக்கு. டீசல் கையைத் துடைச்சுக்கிட்டே உள்ள வந்தாரு. "என்ன அஞ்சலை, எதுக்குத் தட்டுறாங்க?"ன்னாரு.

அந்த முகத்தைப் பார்த்துட்டு எனக்குச் சொல்ல வரலை. வலது பக்கமாப் போயி நின்னு, "ஏரிப் படம் நல்லாருக்காம்"னேன்.

எதிர்ச் சுவத்துல இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. "இருக்காதா பின்ன, நீ போட்ட படமாச்சே"ன்னுட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போயிட்டாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி. இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கு அந்த ஸ்டேசன்ல சொன்னா என்னவாம்?